டெலஸ்கோப் ராடு, ரீல், நூறு சாமான் டப்பா: அந்த 1,500 ரூபாய் தூண்டில் செட் தேறுமா?

ஆன்லைனில் தூண்டில் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது இந்த செட்தான். இழுத்தால் ஏழடி நீளும், மடக்கினால் தோள்பைக்குள் அடங்கும் டெலஸ்கோப் ராடு. 3000 எண் போட்ட ஸ்பின்னிங் ரீல். அதில் ஏற்கெனவே சுற்றிய நைலான் நரம்பு. கூடவே ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய முள், ஈயம், தக்கை, ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் தடுக்கும் சுழல் இணைப்பு), போலி இரையாக ரப்பர் புழு, தகரக் கரண்டி. விலை பெரும்பாலும் 1,200 முதல் 1,800 ரூபாய்க்குள். ஒட்டியிருக்கும் பெயர் பத்து விதம். திறந்தால் உள்ளே சரக்கு ஏறக்குறைய ஒன்றே. அதனால் எந்தப் பெயரையும் சொல்லாமல் இந்த வகையையே மதிப்பிடுகிறோம். கணக்கில் எடுத்தது நம் ஊர் நன்னீர்: ஏரி, குளம், கல்குவாரிக் குட்டை, அணைக்கரை, காசு கட்டிப் பிடிக்கும் பண்ணைக் குளம்.

தீர்ப்பு முதலிலேயே: ராடு பரவாயில்லை. ரீல் விலைக்கு மேலேயே உழைக்கும். நரம்பும் முள்ளும் வேலைக்கு ஆகாது. நூறு சாமானில் உருப்படியானவை பதினைந்து இருபது. இந்த செட்டை வாங்கிவிட்டு "மீனே மாட்டவில்லை", "மாட்டியது அறுத்துக்கொண்டு போய்விட்டது" என்று குறை எழுதுகிறவர்கள் ராட்டைத்தான் திட்டுகிறார்கள். மீன் போவது ராட்டில் இல்லை. முள்ளுக்கு மேலே உள்ள கடைசி ஒரு முழத்தில். அந்த ஒரு முழத்துக்கு இன்னொரு ஐந்நூறு ரூபாய் செலவழிக்கத் தயார் என்றால் செட்டை வாங்கலாம். இல்லையென்றால் மூங்கில் கழியே போதும். அதற்கு ரிட்டர்ன் பாலிசியும் தேவைப்படாது.

ராடு

மேலே "கார்பன்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இந்த விலைக்கு உள்ளே பெரும்பகுதி கண்ணாடியிழைதான். அது குறையல்ல. கண்ணாடியிழை கனம் கூடுதல், ஆனால் நன்றாக வளையும், புதிதாகப் பிடிப்பவரின் முரட்டு இழுப்பையும் தாங்கும். எப்படியானாலும் கரையை ஒட்டி மின்கம்பி போகும் இடத்தில் ராட்டை நீட்டவே வேண்டாம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். நனைந்த ராடு எதுவானாலும் நம்பக்கூடாது.

நீட்டும்போது நுனி அடுக்கிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகக் கைப்பிடி நோக்கி வாருங்கள். வளையங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று கைப்பிடிப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். ஒரு வளையம் கோணினாலும் நரம்பு அங்கே உரசி, வீச்சு பாதியில் நின்றுவிடும். மடக்கும்போது தலைகீழ்: தடித்த அடுக்கு முதலில், நுனி கடைசியில். அடுக்குகளுக்கு இடையில் மணல் புகுந்தால் இறுகிக்கொள்ளும். அப்போது வளையத்தைப் பிடித்துத் திருகினால் வளையம் கையோடு வரும். பழைய சைக்கிள் டியூப்பில் இரண்டு துண்டு வெட்டி, மூட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றிப் பிடித்து, மெல்ல முறுக்கி உள்ளே தள்ளினால் விட்டுக்கொடுக்கும்.

இந்த ராடுகள் முறிவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, சிறிய மீனைக்கூட ராட்டை நேரே செங்குத்தாகத் தூக்கிக் கரையேற்றுவது. ராடு தலைக்கு மேலே பின்பக்கம் சாயும்போது சுமை முழுக்க மெல்லிய நுனி அடுக்கில் விழுகிறது. சொத்தென்று முறியும். மீனைக் கரைக்கு இழுத்து, வலைக்கரண்டியிலோ கையிலோ எடுக்க வேண்டும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை: ஸ்பிரிங் ஃபீடர். ரோகு, கட்லாவுக்கு மாவு பிசைந்து அப்பி எறிகிறோமே, அந்தச் சுருள்கம்பி. ஃபீடரின் ஈயமே 30, 40 கிராம் இருக்கும். அதன்மேல் எலுமிச்சை அளவு மாவு அப்பினால் மொத்தம் எண்பது, தொண்ணூறு கிராமைத் தொடும். இந்த ராடு நிம்மதியாக எறியக்கூடியது அதில் பாதிக்குள்தான். ஆகவே 15, 20 கிராம் ஃபீடர், பெரிய நெல்லிக்காய் அளவு மாவு, அதுவும் சாட்டை சுழற்றுவதுபோல் இல்லாமல் ஊஞ்சல்போல் ஆட்டிவிடும் வீச்சு. இருபது, இருபத்தைந்து மீட்டர் போகும். குளத்துக்கு அது தாராளம்.

ரீல்

பெட்டியில் "12+1 பேரிங்" என்றிருக்கும். அதைப் படித்து மகிழ வேண்டாம். எண்ணிக்கை தரம் ஆகாது. நல்ல பேரிங் நான்கு இருக்கும் ரீல், மட்டமான பன்னிரண்டைவிடச் சுகமாகச் சுற்றும். 5.2:1 என்பது மட்டும் பயனுள்ள தகவல்: கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் நரம்பு ஸ்பூலில் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் அதிகமாக ஏறும். 3000 என்பதும் உலகப் பொது அளவல்ல, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்பூலின் விளிம்பில் 0.30/150 என்பதுபோல் ஓர் எண் இருந்தால் அதை நம்புங்கள்: 0.30 மி.மீ. தடிமன் நரம்பு 150 மீட்டர் கொள்ளும் என்று அர்த்தம்.

கைப்பிடியை மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். வேகமாகச் சுற்றினால் எல்லா ரீலும் நல்ல ரீல்தான். மெதுவாகச் சுற்றும்போது ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் "கடக்" என்று தடங்கினால் பல்சக்கரம் சரியில்லை, திருப்பி அனுப்பிவிடுங்கள். லேசான சொரசொரப்பு மட்டும் என்றால் கிரீஸ் காய்ந்திருக்கும், சரிசெய்துவிடலாம்.

அடுத்து டிராக். ஸ்பூலின் தலையில் இருக்கும் திருகு அது. மீன் திமிறி ஓடும்போது நரம்பு அறுபடாமல் வழுக்கி விட்டுக்கொடுப்பது இதன் வேலை. "8 கிலோ டிராக்" என்று விளம்பரம் செய்வார்கள். அந்த 8 கிலோவில் வைத்தால் கூட வரும் நரம்பு எப்போதோ அறுந்திருக்கும். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் டிராக் வழுக்கத் தொடங்க வேண்டும். 6 கிலோ தாங்கும் நரம்புக்கு இரண்டு கிலோ போதும். தராசு தேவையில்லை. 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி, கழுத்தில் நரம்பைக் கட்டி, ராட்டில் மாட்டாமல் ரீலை மட்டும் கையில் பிடித்துத் தூக்குங்கள். பாட்டில் மெல்ல, ஒரே சீராகக் கீழிறங்கினால் டிராக் சரி. நின்று நின்று குலுங்கி இறங்கினால் உள்ளே இருக்கும் ஃபெல்ட் வாஷர் காய்ந்துபோயிருக்கிறது. திருகைக் கழற்றி, வாஷர்களை வந்த வரிசை மாறாமல் எடுத்து, ஒரு துளி ரீல் கிரீஸ் தடவித் திரும்ப வையுங்கள். வாங்கிய ஒவ்வொரு செட்டிலும் இதைச் செய்துவிடலாம். பத்து நிமிட வேலை, பெரிய மீன் மாட்டும் அன்று பலன் தெரியும்.

டிராக் வழுக்கிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றாதீர்கள். மீன் வராது, நரம்புதான் முறுக்கிக்கொள்ளும். ஒரு சுற்றுக்கு ஐந்து முறுக்கு. "என் நரம்பு மட்டும் ஏன் சுருண்டு சுருண்டு வருகிறது" என்ற கேள்விக்குப் பாதி விடை இதுதான். மீன் ஓடினால் விடுங்கள், நின்றதும் ராட்டை உயர்த்துங்கள், தாழ்த்திக்கொண்டே சுற்றுங்கள்.

மீதிப் பாதி விடை பெயில் கம்பியில், அதாவது ஸ்பூலுக்கு முன்னால் திறந்து மூடும் வளைந்த கம்பியில். வீசியதும் கைப்பிடியைச் சுற்றி அதை மூடாமல், கையாலேயே மூடி, நரம்பை ஒருமுறை இழுத்துத் தளர்வை எடுத்துவிட்டு, பிறகு சுற்றத் தொடங்குங்கள். தளர்ந்த நரம்பு ஸ்பூலில் வளையமாகத் தங்குவதும், அடுத்த வீச்சில் குருவிக்கூடாக வெளியே வருவதும் இதனால் நிற்கும்.

நரம்பு: கழற்றிவிடுங்கள்

கூட வரும் நரம்பு பெரும்பாலும் பழைய இருப்பு. தடிமன் சொன்னதைவிடக் கூடுதல், பலம் சொன்னதைவிடக் குறைவு, சுருள் குணம் அதிகம். ஒரு முடிச்சுப் போட்டு இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தால் முடிச்சிலேயே விட்டுவிடும். முழுக்க எறியத் தேவையில்லை. ஐம்பது மீட்டரை அடியிலேயே விட்டுவிட்டு, மேலே 0.28 அல்லது 0.30 மி.மீ. தடிமனில் நல்ல நைலான் நூறு மீட்டர் ஏற்றுங்கள். இணைப்பு முடிச்சு ஆழத்தில் புதைந்துகிடக்கும், தொல்லை தராது.

ஏற்றும் விதம் முக்கியம். புது நரம்புச் சுருளைத் தரையில் படுக்கப் போடுங்கள், லேபிள் மேலே தெரியட்டும். நரம்பை ராட்டின் முதல் வளையம் வழியாக விட்டு, ஈரத்துணியால் விரல்களுக்கிடையே அழுத்திப் பிடித்தபடி இருபது சுற்று சுற்றுங்கள். நிறுத்தி நரம்பைத் தளர்த்திப் பாருங்கள். தொங்கும் நரம்பு தானாக முறுக்கிக்கொண்டால் சுருளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுத் தொடருங்கள். ஸ்பூலின் விளிம்புக்கு 2, 3 மி.மீ. கீழே நிறுத்திவிட வேண்டும். விளிம்புவரை நிரப்பினால் கொத்துக் கொத்தாகச் சரியும். ரொம்பக் குறைத்தால் நரம்பு விளிம்பில் உரசி, வீச்சு தூரம் போகாது.

விராலுக்கென்றால் நைலான் வேண்டாம். தாமரை இலைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவிலிருந்து விராலை இழுக்க 30 பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னல்) நரம்பு வேண்டும். பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேரடியாகக் கட்டினால் மொத்தமாக வழுக்கிச் சுழலும். மீன் இழுக்க இழுக்க டிராக் கெட்டுவிட்டதுபோலத் தோன்றும். அடியில் கொஞ்சம் நைலான் இருந்தால் அந்தப் பிரச்சினை இல்லை. பழைய நரம்புக்கு இங்கும் ஒரு வேலை கிடைத்தது.

முள்ளும் முடிச்சும்

டப்பாவில் இருக்கும் முட்களில் ஒன்றை எடுத்துக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து, அழுத்தாமல் இழுங்கள். கூரான முள் நகத்தில் உடனே பதிந்து நிற்கும். இந்த முட்களில் பல, சறுக்கு மரத்தில் பிள்ளை போவதுபோல வழுக்கிக்கொண்டு போகும். பிறகு நுனியைக் குறட்டில் பிடித்து லேசாக வளையுங்கள்: ஈயம்போல நிமிர்ந்தாலும் தவறு, பட்டென்று உடைந்தாலும் தவறு. மிதமாக வளைந்து பழைய வடிவத்துக்கே திரும்ப வேண்டும். இந்த இரண்டு பரீட்சையிலும் தேறுபவை குறைவு. ஹை கார்பன் முள் ஒரு பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். எண் ஏற ஏற முள் சிறியது என்பது நினைவிருக்கட்டும்: ஜிலேபி மீனுக்கு 8 அல்லது 10, ரோகு, மிர்காலுக்கு 4 அல்லது 6. 1/0, 2/0 என்று போகும்போது மட்டும் கணக்கு திரும்பும், எண் ஏற முள்ளும் பெருக்கும். இவை விராலுக்கும் பெரிய கெளுத்திக்கும்.

முடிச்சு: நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, பிரதான நரம்பின்மேலேயே ஐந்தாறு சுற்று சுற்றி, வால்நுனியைக் காதுக்கு அருகே இருக்கும் சிறு ஓட்டையில் விட்டு, அதனால் உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் ஒருமுறை விட்டு இறுக்குவது. இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். காய்ந்த நைலான் உரசிச் சூடேறி அங்கேயே பலம் இழக்கும். அறுந்து வந்த நரம்பின் நுனி சுருட்டை முடிபோல நெளிந்திருந்தால் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. வெட்டியதுபோல இருந்தால் கல்லிலோ வளையத்திலோ உரசியிருக்கிறது. வளையத்தைச் சோதிக்கக் கொஞ்சம் பஞ்சு போதும்: உள்ளே சுழற்றித் துடைத்தால், கீறல் இருக்கும் இடத்தில் இழை மாட்டிக்கொண்டு நிற்கும்.

நூறு சாமான்

ரப்பர் புழு, தகரக் கரண்டி, பிளாஸ்டிக் மீன் எல்லாம் படத்தில் அழகாக இருக்கும். கட்லா, ரோகு, மிர்கால் இவற்றைப் பொருட்டாக எடுத்துக்கொள்ளா. மூன்று முள் தொங்கும் பிளாஸ்டிக் மீனை நம் குளத்தில் எறிந்தால் முதல் வீச்சிலேயே தாமரைக் கொடியைப் பிடித்துவிடும். அதைப் பெரிய மீன் என்று நினைத்து இழுப்பதில் அரை மணி போகும். ஜிக் தலையும் (ஈயத் தலை வைத்த முள்) சிறிய ரப்பர் வாலும் விரால், குரவைக்கு உதவும். ஸ்விவலையும் ஈயக்குண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

விராலுக்கு எறியும் ரப்பர் தவளை செட்டிலேயே இருந்தால் அதிர்ஷ்டம் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டு விரலால் வயிற்றை அழுத்திப் பாருங்கள்: உடல் அமுங்கி, முதுகோடு ஒட்டியிருக்கும் இரண்டு முள்ளும் வெளியே நீட்ட வேண்டும். செட்டில் வருபவை செருப்பு ரப்பர்போல இறுகியிருக்கும். விரால் முழுசாகக் கவ்வினாலும் முள் வெளியே வராது. மென்மையான தவளை தனியாக ஒன்று வாங்குங்கள். இலைமேல் போட்டு, சின்னச் சின்னதாய் வெட்டி இழுத்து, இலை முடிந்து தண்ணீர் தெரியும் இடத்தில் இரண்டு வினாடி நிறுத்துங்கள். தண்ணீர் வெடித்ததும் இழுத்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. நரம்பில் கனம் தெரிந்த பிறகே ராட்டை ஓங்க வேண்டும். செக்கச்சிவந்த குஞ்சுக் கூட்டம் மேலே மிதந்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அந்த இடத்தை விட்டுவிடுங்கள், காவலைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் அத்தனையும் போய்விடும்.

தக்கைகள் பெரியவை. ஜிலேபி கொத்துவது அவற்றில் தெரியவே தெரியாது. சோளத்தட்டையில் விரல் நீளம் நறுக்கிய துண்டு இதைவிட உணர்ச்சியோடு ஆடும். எந்தத் தக்கையானாலும் ஈயத்தைச் சேர்த்துச் சேர்த்து, நுனி ஒரு சென்டிமீட்டர் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரியும்படி செய்யுங்கள். தக்கை படுத்துக்கொண்டால் ஈயம் தரையில் உட்கார்ந்துவிட்டது, ஆழத்தைக் குறையுங்கள்.

ஆழம் ஏன் முக்கியம் என்றால், மூன்று கெண்டையும் மூன்று தளத்தில் மேய்பவை. கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும், அது மேல்மட்டத்தில். ரோகு நடுவில். மிர்காலின் வாய் கீழே, அது தரையில். தரையில் மாவைப் போட்டுவிட்டுக் கட்லாவுக்குக் காத்திருந்தால் மாலைவரை மிர்கால்தான் வரும்.

மாவு ஃபீடருக்கு: வறுத்துப் பொடித்த கடலைப் புண்ணாக்கு அரை கிலோ, தவிடு அரை கிலோ, கோதுமை மாவு 200 கிராம். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசறுங்கள், ஊற்றிவிடாதீர்கள். கால் மணி நேரம் மூடி வைத்தால் புண்ணாக்கு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன் பிறகே இன்னும் தண்ணீர் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். வாளித் தண்ணீரில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் கரைந்து பரவினால் பதம் சரி. அரை மணி ஆகியும் கல்லாகக் கிடந்தால் கோதுமை மாவு அதிகம். கடையில் வரும் ஃபீடரில் ஆறு முள் தொங்கும். இரண்டை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிடுங்கள். ஆறும் ஒன்றோடொன்று சிக்கும், மீனின் கண்ணிலும் வயிற்றிலும் குத்தும், அவிழ்க்கும் நம் விரலிலும் குத்தும்.

யார் வாங்கலாம்? ஜிலேபி, மிர்கால், இரண்டு கிலோவுக்குள் ரோகு என்று பிடிப்பவர், பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ போகிறவர், பிள்ளைகளுக்குப் பழக்க நினைப்பவர். விரால் ஒன்றே குறி என்றால் இந்த ராட்டின் வளைவு உதவாது. இலைக்குள்ளிருந்து மீனைத் திருப்ப விறைப்பான இரண்டு துண்டு ராடு வேண்டும். வைத்துக்கொள்ள இடமிருந்தால் மற்றவர்களுக்கும், டப்பா இல்லாமல் அதே விலையில் வரும் இரண்டு துண்டுக் கண்ணாடியிழை ராடு நல்ல தேர்வு. அதோடு, பல ஏரி குளங்களில் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) குத்தகைக்குப் போயிருக்கும், அணைகளிலும் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். எதை வாங்குமுன்னும் போகும் இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ராட்டை முழுக்க நீட்டி, நுனி வளையம் அசைகிறதா, பஞ்சு மாட்டுகிறதா, ரீல் மெதுவாகச் சுற்றும்போது தடங்குகிறதா, பெயில் கம்பி படக்கென்று மூடுகிறதா, பாட்டில் சீராக இறங்குகிறதா என்று அன்றே பார்த்துவிடுங்கள். நுனி வளையம் மட்டும் கழன்றிருந்தால் அதற்காகத் திருப்பி அனுப்ப வேண்டாம்: பசைக்குச்சியைச் சூடாக்கி ஒரு சொட்டு நுனியில் வைத்து, ஆறுவதற்குள் வளையத்தைச் செருகி மற்ற வளையங்களோடு நேராக்கினால் போதும்.